மூளையைத் தொட்டவர்கள் – 19: வெட்டிய இடத்தில் ஒரு கம்பி

சென்ற இதழில் வால்டர் ஃபிரீமனை 1967இல் விட்டுவிட்டு வந்தோம். அவரது கடைசி நோயாளி மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். கண்குழி வழியாகக் கூர்முனையைச் செலுத்தும் அவரது வித்தைக்கு மருத்துவமனைக் கதவுகள் அதோடு மூடிக்கொண்டன. மனநோய்க்காக முன்மூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் லோபாட்டமியின் கதையும் அங்கேயே முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திரைப்படங்களும் அப்படித்தான் நினைக்க வைத்தன. முடியவில்லை. ஊர் மாறியது, கருவி சிறுத்தது, சத்தம் அடங்கியது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். 1947இல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஸ்பீகல் என்ற நரம்பியலாளரும் ஹென்றி வைசிஸ் என்ற அறுவை மருத்துவரும் மனிதத் தலைக்கு ஏற்ற ஒரு சட்டகத்தைச் செய்தார்கள். தலையை அதில் அசையாமல் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கணக்கிட்டால், மூளைக்குள் வேண்டிய புள்ளிக்கு மெல்லிய ஊசி ஒன்றை அனுப்பலாம். லோபாட்டமி செய்த சேதத்தைக் குறைப்பதுதான் அவர்கள் நோக்கமே. இரண்டு ஆண்டு கழித்து, லிஸ்பனின் ஏகஸ் மோனிஸ் லோபாட்டமிக்காக நோபல் பரிசு பெற்ற அதே 1949இல், ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் தன்னுடைய சட்டகத்தை அறிமுகப்படுத்தினார். பாரிஸில் ழான் தலேராக், முன்மூளையிலிருந்து உள்ளே இறங்கும் நரம்பிழைகள் ஒரு கற்றையாகக் கூடிச் செல்லும் இடத்தை மட்டும் சூட்டால் துண்டித்தால் போதும் என்றார். அந்த இடத்தின் பெயர் இன்டர்னல் கேப்சூலின் முன்கிளை. பெயர் சற்று முரடுதான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கற்றையைச் சுற்றித்தான் நடக்கிறது.

தலேராக் சொன்னதை லெக்செல் கையில் எடுத்து வளர்த்தார். கேப்சுலாட்டமி என்று அதற்குப் பெயர் வந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. எதிர்பாராத வகையில் பயன் தெரிந்தது வேறொரு கூட்டத்தாரிடம்: எண்ணச் சுழற்சி நோய் என்று நாம் சொல்லும் ஓசிடி உள்ளவர்களிடம்.

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அறிவு முழுக்க விழித்திருக்கும்போதே அது ஆளைக் கட்டிப்போடுகிறது. கதவைப் பூட்டியாயிற்று என்று கண் சொல்கிறது, பூட்டை இழுத்துப் பார்த்த கையும் சொல்கிறது. மனம் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தால்தான் ஒரு நொடி நிம்மதி. அந்த நொடி கழிந்ததும் பழையபடி. கை கழுவுவது, எண்ணுவது, அடுக்குவது, யாரையாவது காயப்படுத்திவிட்டோமோ என்று வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பது என்று வடிவங்கள் பல. வாழ்நாளில் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது வருகிறது. அவர்களில் பலருக்கும் தாங்கள் செய்வது அர்த்தமற்றது என்று நன்றாகவே தெரியும். அதனால்தான் மறைக்கிறார்கள். மேசையை நேராக அடுக்கிவைப்பவரைப் பார்த்து ‘எனக்கும் கொஞ்சம் ஓசிடி’ என்று சிரிப்பவர்கள், ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைக் குழாயடியில் கழிக்கும் மனிதரைப் பார்த்ததில்லை.

நெடுங்காலம் இதற்கு மருந்தே இல்லை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் மிக எளிய ஒன்றைச் செய்துபார்த்தார். கழுவிக்கொண்டே இருந்த நோயாளியின் அறையில் தண்ணீரை நிறுத்தினார். பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவ விடாமல், பதற்றம் தானாக அடங்கும்வரை செவிலியர் கூடவே இருந்தார்கள். இன்று உலகம் முழுக்க ஓசிடிக்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படும் நடத்தைப் பயிற்சி அங்கே பிறந்தது. குளோமிப்ரமின் என்ற மாத்திரையும், பிறகு ஃபுளூவாக்சடின் முதலியவையும் வந்தன. 1989இல் யேல் பல்கலைக்கழகத்தின் வெய்ன் குட்மேனும் கூட்டாளிகளும் நோயின் கடுமையை அளக்க 0 முதல் 40 வரை ஓர் அளவுகோல் அமைத்தார்கள். 30ஐத் தாண்டினால் வாழ்க்கை ஏறத்தாழ நின்றுபோய்விட்டது என்று பொருள்.

பலர் தேறினார்கள். எல்லா மாத்திரைகளையும் எல்லாப் பயிற்சிகளையும் முடித்துவிட்டு அதே இடத்தில் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் ஸ்டாக்ஹோமில் லெக்செல் வழி வந்தவர்களும், பாஸ்டனில் 1962 முதல் தாமஸ் பாலன்டைனும், தலையில் சிறு துளையிட்டு, மூளையில் சிறு புண் ஏற்படுத்தும் பணியை ஆரவாரமில்லாமல் தொடர்ந்தார்கள்.

சென்னையும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி, அவருடன் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் 1960களிலும் 70களிலும் இதே சட்டகத்தைக் கொண்டு நிறையச் செய்தார்கள். ஆனால் அவர்கள் குறி ஓசிடி அல்ல. கட்டுக்கடங்காத ஆவேசம், ஓயாத துறுதுறுப்பு, போதைப் பழக்கம் இவைதான். அமிக்டலாவிலும் ஹைபோதலாமஸிலும் புண் ஏற்படுத்தும் இந்த அறுவைகள் அறுநூறுக்கு மேல் நடந்தன. அவர்களின் கட்டுரைகளில் நோயாளியாகக் குழந்தைகளும் வருகிறார்கள். இன்றைக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ‘அடங்கினான்’ என்பதே குணமானதற்கு அடையாளமாக எழுதப்பட்ட காலம் அது. உலகம் முழுக்க அப்படித்தான் எழுதினார்கள் என்பது விளக்கம் ஆகலாம், சமாதானம் ஆகாது. அதே சமயம், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவரான கனகா, நிலையாக மூளைக்குள் மின்முனை பொருத்தும் முயற்சிகளை 1975 வாக்கிலேயே இந்தியாவில் செய்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மூளைக்கு மின்சாரம் கொடுப்பது அப்போது புதிதல்ல. ஆனால் அதன் பெயர் கெட்டுக் கிடந்தது. நியூ ஆர்லியன்ஸின் டூலேன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத், 1950 முதல் மனநோயாளிகளின் மூளையில் கம்பிகளை வைத்துத் தூண்டிக்கொண்டிருந்தார். சிலர் கையில் பொத்தானையே கொடுத்துவிட்டு, எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று எண்ணினார். 1972இல், ஓர் இளைஞரின் ஓரினப் பால்விருப்பத்தை மாற்ற இதைப் பயன்படுத்தியதாகக் கட்டுரை எழுதும் அளவுக்குப் போனார். யேலில் இருந்த ஸ்பானியர் ஹோசே டெல்கடோவோ 1963இல் கோர்டோபாவில் ஒரு காளையின் மூளையில் மின்முனை வைத்து, பாய்ந்து வந்த காளையை ரேடியோ பொத்தானை அழுத்தி நிறுத்திக் காட்டினார். படம் உலகமெங்கும் பரவியது. மனிதக் கூட்டத்தையே இப்படி நடத்தலாம் என்ற கனவை அவர் 1969இல் புத்தகமாகவும் எழுதிவிட, அமெரிக்காவில் பயம் பற்றிக்கொண்டது. நாடாளுமன்ற விசாரணைகள் நடந்தன. 1977இல் தேசிய ஆணையம் ஒன்று மனநோய்க்கான மூளை அறுவையைப் பற்றி அறிக்கை தந்தது. அடியோடு தடை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆணையமோ, சில நோயாளிகளுக்குப் பயன் இருப்பதாகவே தெரிகிறது, கடுமையான மேற்பார்வையோடு ஆய்வு நடக்கட்டும் என்றது. அந்தத் தீர்ப்பை வரவேற்க ஆளில்லை. அறுவை அரங்குகள் தாமாகவே அந்த வேலையிலிருந்து ஒதுங்கின.

*

திருப்பம் மனநோய்ப் பக்கத்திலிருந்து வரவில்லை; கை நடுக்கத்திலிருந்து வந்தது.

1987, பிரான்ஸின் கிரனோபிள். அலிம் லூயி பெனபித் என்ற அறுவை மருத்துவர் நடுக்க நோயாளி ஒருவரின் தலாமஸில் சிறு புண் ஏற்படுத்தத் தயாராகிக்கொண்டிருந்தார். சுடுவதற்கு முன் சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்று சோதிக்க, ஊசிமுனையில் சிறிது மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நோயாளி விழித்திருப்பார். பெனபித் துடிப்பின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். நொடிக்கு நூறு துடிப்பை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை எடுத்ததும் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி நின்றது. இதே வித்தையைப் பலரும் அறுவை அரங்கில் பார்த்திருக்கக்கூடும். ஆனால் சுட்டுப் புண்ணாக்குவதற்குப் பதிலாகக் கம்பியை உள்ளேயே விட்டுவிட்டு, மார்புத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற பேட்டரிப் பெட்டியோடு இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தை அவர் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். பத்தே ஆண்டில், 1997இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடுக்கத்துக்கு அதை அனுமதித்தது. 2002இல் பார்கின்சன் நோய்க்கும். ஆழ்மூளைத் தூண்டல் என்ற பெயர் மரியாதையோடு மருத்துவமனைக்குள் நுழைந்தது.

இப்போது பெல்ஜியத்தின் லூவனுக்கு வருவோம். அங்கே கேப்சுலாட்டமி நின்றுபோகவில்லை. யாருக்குச் செய்யலாம் என்று முடிவெடுக்க ஒரு குழு இருந்தது. எல்லாச் சிகிச்சையும் தோற்ற ஓசிடி நோயாளிகள் அதன் முன் வந்தார்கள். நரம்பு அறுவை மருத்துவர் பார்ட் நட்டின், மனநல மருத்துவர் பால் கோசின்ஸ் ஆகியோர் கேட்ட கேள்வி இதுதான்: கிரனோபிளில் தலாமஸைச் சுடுவதற்குப் பதில் கம்பி வைக்க முடிகிறதென்றால், இந்த நோயாளிகளுக்குக் கற்றையைச் சுடுவதற்குப் பதிலாக அதே கற்றையில் கம்பி வைத்தால் என்ன? பயன் இல்லையென்றால் அணைத்துவிடலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வெட்டுக்கு ஒப்புக்கொண்டு நிற்கும் நோயாளிக்குக் கம்பி அதைவிடக் குறைந்த ஆபத்து.

1999 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் அவர்களின் குறிப்பு வந்தது. மிகச் சிறிய கட்டுரை. நான்கு நோயாளிகள், மூளையின் இருபுறமும் கம்பி, இலக்கு இன்டர்னல் கேப்சூலின் முன்கிளை. மூன்று பேரிடம் நன்மை தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடும் நோயில் கிடந்த 39 வயதுப் பெண் ஒருவருக்கு, மின்சாரம் பாய்ந்த சற்று நேரத்திலேயே பதற்றமும் சுழலும் எண்ணங்களும் விலகிய உணர்வு வந்தது. திரும்பத் திரும்பச் சோதித்தபோதும் வந்தது. ஆசிரியர் பட்டியலில் கடைசிப் பெயர் ஸ்டாக்ஹோமின் பியோர்ன் மெயர்சன். லெக்செல் கேப்சுலாட்டமியை வளர்த்த ஊர்க்காரர், கம்பி வைத்த முதல் கட்டுரையிலும் இருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்தின் கதை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்த வரலாற்றை எழுதும் பலரும் இங்கே ஒரு வசனம் பேசுவார்கள்: வெட்டினால் திரும்பாது, கம்பியானால் திரும்பும், ஆகவே கம்பி பாதுகாப்பானது, ஒழுக்கமானது. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மண்டையோட்டில் துளை போட்டுத்தான் கம்பியையும் வைக்கவேண்டும். ரத்தக் கசிவும் தொற்றும் அதற்கும் உண்டு. கம்பி கொண்டுவந்த பெரிய மாற்றம் வேறு. மின்சாரத்தை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் விசை, மூளை அறுவையின் வரலாற்றில் முதன்முறையாக நேர்மையான சோதனைக்கு வழி திறந்தது. மோனிஸும் ஃபிரீமனும் வெட்டினார்கள், பிறகு தாங்களே மதிப்பெண்ணும் போட்டார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க அங்கே இடமே இல்லை. கம்பி வைத்தவருக்கோ சில மாதம் மின்சாரத்தை ஓடவிடலாம், சில மாதம் நிறுத்திவைக்கலாம்; எப்போது ஓடுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. நட்டின் குழு அப்படித்தான் சோதித்தது. 2003இல் ஆறு பேரைப் பற்றிய விரிவான முடிவு வந்தபோது, ஓடும் காலத்துக்கும் நின்ற காலத்துக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. நடுக்கத்துக்குத் தேவைப்பட்டதைவிட இதற்கு மின்னழுத்தம் மிக அதிகம் வேண்டியிருந்தது. பேட்டரி ஓராண்டுகூடத் தாங்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் நோய் திரும்பும். பெட்டியை மாற்ற மறுபடி கத்தி. மின்னேற்றிக்கொள்ளும் பேட்டரிகள் வரும்வரை இந்தப் பாடு தொடர்ந்தது.

பாரிஸில் நடந்தது தற்செயல். 2002இல் லுக் மலே குழுவினர் இரண்டு பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’டுக்கு எழுதினார்கள். அவர்களுக்கு உடல் அசைவுக் கோளாறுக்காகத்தான் சப்தலாமிக் உட்கரு என்ற சிறு இடத்தில் கம்பி வைக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் நெடுநாளாக ஓசிடியும் இருந்தது. அறுவைக்குப் பின் சில வாரங்களிலேயே அந்தச் சடங்குகள் விலகிப்போயிருந்தன. யாரும் தேடாத விளைவு. ஓசிடிக்காகவே அந்த இடத்தில் வைத்தால் என்ன என்று பிரான்ஸின் பத்து மருத்துவ மையங்கள் சேர்ந்து சோதித்தன. முன்மூளையும் ஆழ்மூளையும் வட்டமாகப் பேசிக்கொள்ளும் சுற்றுகள் இருக்கின்றன என்று 1986இல் அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூவரும் வரைந்து காட்டியிருந்தார்கள்; ஓசிடியில் அந்த வட்டத்தின் சில நிலையங்கள் அளவுக்கு மீறி வேலை செய்வதை லூயிஸ் பாக்ஸ்டர் ஸ்கேன் மூலம் காட்டியிருந்தார். ஆகவே வட்டத்தில் எங்கே கைவைத்தாலும் பயன் இருக்கலாம் என்று நம்ப இடமிருந்தது. 2008இல் வந்த முடிவில் 16 பேர்: மின்சாரம் ஓடியபோது குட்மேன் அளவுகோலில் சராசரி மதிப்பெண் 19, ஓடுவதாகப் பாவனை மட்டும் காட்டியபோது 28. வித்தியாசம் பெரிது. விலையும் பெரிது. கடுமையான பாதிப்புகள் 15 பதிவாயின; அவற்றில் ஒன்று மூளை ரத்தக்கசிவு, இரண்டு தொற்றுகள். அந்த எண்ணையும் மறைக்காமல் அதே கட்டுரையில் போட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஃபிரீமன் காலத்துக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இதைப் படித்தால் வேறு உலகத்துக்கு வந்தது போலிருக்கும்.

*

மனிதர்களைப் பற்றி அதிகம் சொன்னது ஆம்ஸ்டர்டாம். அங்கே டாமியான் டெனிஸ் குழு தேர்ந்தெடுத்த இடம், கேப்சூலின் அடியில் ஒட்டிக் கிடக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ். இன்பத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் பெயர்போன இடம். 2010இல் வெளியான முடிவில் 16 பேரில் 9 பேர் நன்கு தேறியிருந்தார்கள். அங்கே மருத்துவர்கள் கவனித்த வரிசை வியப்பானது. விசையைப் போட்டதும் முதலில் மாறுவது மனநிலை, அதுவும் நொடிகளில். பிறகு பதற்றம் தணிகிறது. எண்ணங்கள் தளர நாட்கள் பிடிக்கின்றன. கை கழுவும் பழக்கமோ வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் விடுகிறது. அதுவும் விக்டர் மேயர் வழியில் பயிற்சி கொடுத்தால்தான் முழுமையாக. மின்சாரம் பயத்தின் பிடியைத் தளர்த்துகிறது. அந்த இடைவெளியில் அழுக்கைத் தொட்டுப் பழகவேண்டியது நோயாளிதான். 1966இன் குழாயடிப் பாடம் மூளைக்குள் கம்பி போன பிறகும் காலாவதியாகவில்லை.

இதே காலத்தில் ஃபுளோரிடாவில், விழித்திருக்கும் நோயாளிக்கு இந்தப் பகுதியில் மின்சாரம் கொடுத்தபோது, கம்பி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க முகம் மட்டும் புன்னகைத்ததைப் பதிவு செய்தார்கள். தசை இழுப்பு மட்டுமல்ல. உள்ளே மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்ததாக நோயாளி சொன்னார். ஆழ்மூளைத் தூண்டலைப் பற்றி எத்தனை வாதங்கள் படித்தாலும், என்னைச் சற்று நேரம் உறைய வைப்பது இந்தப் பாதி முகப் புன்னகைதான். யாருடைய மகிழ்ச்சி அது?

ஆம்ஸ்டர்டாமில் இன்னொன்று நடந்தது. இது கொஞ்சம் சிரிப்பூட்டும். வாழ்நாளின் பெரும்பகுதியை ஓசிடியில் கழித்த, அறுபதை நெருங்கிய டச்சுக்காரர் ஒருவர். அக்கம்பென்ஸில் கம்பி வைத்து அவருக்கு நோய் நன்கு தணிந்தது. இசையில் பெரிய பித்து இல்லாதவர். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் கொஞ்சம் கேட்பார், டச்சுப் பாடல்களும். சில மாதங்களில் வானொலியில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் பாட்டைக் கேட்டார். அவ்வளவுதான். கேஷ் பாடிய எல்லாத் தட்டுகளையும் வாங்கிக் குவித்தார். வேறு யார் பாட்டும் பிடிக்கவில்லை. பேட்டரி தீரும் சமயங்களில் மட்டும் கேஷ் மறந்துபோய், பழைய விருப்பங்கள் திரும்பின. 2014இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் மனைவியின் இடத்தில் இருந்து யோசித்தால் அவ்வளவு எளிதல்ல. இந்தச் சிகிச்சையில் தன்னம்பிக்கை கூடிப்போய், இருமடங்கு பேசி, வீட்டாரோடு மல்லுக்கு நின்ற நோயாளிகளும் இருக்கிறார்கள். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் அது பெரும்பாலும் அடங்குகிறது. எவ்வளவு குறைத்தால் அவர் ‘பழைய’ அவர்? டெனிஸ் குழுவோடு பணியாற்றிய தத்துவவாதி சனேகே டி ஹான் நோயாளிகளிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினார். இப்போதுதான் நான் நானாக இருக்கிறேன் என்றவர்கள் உண்டு. இது நானல்ல என்றவர்களும் உண்டு. நோய் சிறுவயதில் தொடங்கிவிட்டவருக்கு, திரும்பிப் போவதற்கு ஒரு ‘பழைய நான்’ இருப்பதே இல்லை.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில், மெட்ரானிக் நிறுவனத்தின் கருவிக்கு உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. எப்படிக் கொடுத்தது என்பது கவனிக்கவேண்டியது. ஆண்டுக்கு 4,000 பேருக்கும் குறைவானவர்களைத் தாக்கும் அரிய நிலைகளுக்காக ‘மனிதாபிமான விலக்கு’ என்ற குறுக்குவழி ஒன்று அங்கே இருந்தது. அந்த வழியில் போனால், கருவி பயன் தருகிறது என்று பெரிய சோதனையால் நிரூபிக்கவேண்டியதில்லை. பயன் இருக்க வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். ஓசிடி அரிய நோயே அல்ல. ஆனால் எல்லாச் சிகிச்சையும் தோற்றுப்போன ஓசிடி அரிது என்று கணக்கிட்டார்கள். 2011இல் மருத்துவ அறவியலாளர் ஜோசப் ஃபின்ஸும் வேறு சில முன்னணி ஆய்வாளர்களும் சேர்ந்து இதைக் கடுமையாகச் சாடினார்கள். சோதனைக்கே வழி திறந்த கருவியைச் சோதனையைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்பதுதான் சாரம். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. விலக்குக் கிடைத்த பிறகு பெரிய சோதனைக்குப் பணம் போட எந்த நிறுவனத்துக்கு அவசரம் இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், கம்பி வந்தபிறகுதான் பழைய வெட்டையும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தார்கள். ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டியன் ரூக், கேப்சுலாட்டமி செய்துகொண்ட 25 ஓசிடி நோயாளிகளைப் பல்லாண்டு கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தார். 2008இல் வெளியான முடிவு: நோய் நன்றாகவே தணிந்திருந்தது, ஆனால் பத்துப் பேரிடம் முனைப்பின்மை, கட்டுப்பாடின்மை, திட்டமிட முடியாமை போன்ற பாதிப்புகள் இருந்தன. இத்தனை ஆண்டு சத்தமில்லாமல் நடந்த வேலைக்கு அந்த ஊரிலேயே அந்த ஊர்க்காரரே கொடுத்த கணக்கு இது. அதற்குத் துணிச்சல் வேண்டும்.

கம்பியை எங்கே வைப்பது என்ற வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. லூவன் குழு தன் 24 நோயாளிகளின் நீண்டகால முடிவுகளை 2016இல் வெளியிட்டபோது, முதலில் குறிவைத்த கேப்சூலைவிடச் சற்றுப் பின்னால், ஸ்ட்ரையா டெர்மினாலிஸ் என்ற இழைப்பட்டையின் படுகையில் மின்சாரம் பட்டவர்களே அதிகம் தேறியிருந்தார்கள் என்றது. லண்டன் குயின் ஸ்கொயரில் ஆறு நோயாளிகளுக்கு இரண்டு இடத்திலும், அதாவது பாரிஸ் சொன்ன சப்தலாமிக் உட்கருவிலும், கேப்சூலின் அடிப்பகுதியிலும் கம்பி வைத்து ஒப்பிட்டார்கள். 2019இல் வந்த விடை: இரண்டுமே நோயைத் தணித்தன. ஆனால் கேப்சூல் பக்கம் மனச்சோர்வைத் தூக்கியது; உட்கரு பக்கம் பழைய வழியிலிருந்து புதிய வழிக்குச் சிந்தனையைத் திருப்பும் திறனைக் கூட்டியது. ஒரே நோய்க்குள் இரண்டு வாசல்கள். மறு ஆண்டில், வெவ்வேறு நாட்டு நோயாளிகளின் ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று, கம்பி எங்கே இருந்தாலும், முன்மூளையிலிருந்து சப்தலாமிக் உட்கருவுக்குப் போகும் ஒரு குறிப்பிட்ட இழையைத் தொட்டவர்களுக்கே பயன் அதிகம் என்றது. அந்த இழை எதன் வழியாகப் போகிறது தெரியுமா? இன்டர்னல் கேப்சூலின் முன்கிளை வழியாக. வரைபடமோ ஸ்கேனோ இல்லாத 1949இல் தலேராக் விரல் வைத்த இடம் அப்படியொன்றும் தவறில்லை.

இப்போதைய முயற்சி, கம்பியைக் கேட்கவும் வைப்பது. புதிய கருவிகள் மின்சாரம் கொடுப்பதோடு அந்த இடத்தின் துடிப்பையும் பதிவு செய்கின்றன. ஹூஸ்டனின் பெய்லர் கல்லூரிக் குழு, அளவுகோலை உருவாக்கிய அதே வெய்ன் குட்மேன் உட்பட, 2024இல் எழுதியது: கடும் ஓசிடியில் இந்த மூளைப் பகுதியின் ஒரு துடிப்பு, பகலிரவுக்கு ஏற்ப நாள் தவறாமல் ஒரே ஒழுங்கில் ஏறி இறங்குகிறது. சிகிச்சை பலித்தவர்களிடம் அந்த இறுகிய ஒழுங்கு குலைகிறது. அதைப் பார்த்தே யார் தேறுகிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். நோயாளிகள் பன்னிரண்டு பேர்தான், பொறுத்துப் பார்ப்போம்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்கின்சன் நோய்க்காக உலகில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கம்பி வைத்திருக்கிறார்கள். ஓசிடிக்காக வைத்தவர்கள் அதோடு ஒப்பிட்டால் சொற்பம். சேர்க்கும் நிபந்தனைகள் கடுமை: பல ஆண்டுகளாக நோய், பல மாத்திரைகள் தோல்வி, முறையான நடத்தைப் பயிற்சியும் தோல்வி, மதிப்பெண் 28 அல்லது 30க்கு மேல். செலவும் ஒரு காரணம். மேலும், விசை இருக்கிறது என்பதற்காக அணைத்துவிட்டுப் போக முடிவதில்லை. அணைத்தவர்களிடம் நோய் விரைவாகவே திரும்புகிறது. அதனோடு ஆழ்ந்த சோர்வும் வருகிறது. பத்து ஆண்டு கழித்துப் பேட்டரிக்கும் உதிரிக்கும் யார் பணம் கொடுப்பது, சோதனை முடிந்து நிறுவனம் விலகிக்கொண்டால் உள்ளே இருக்கும் கம்பிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் இப்போது அறவியல் குழுக்களின் மேசைக்கு வந்துவிட்டன. வெட்டு ஒருநாளில் முடிந்துவிடும். கம்பியோடு நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் வாழ்நாள் உறவு.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்று ஒரு பிரிவே வைத்திருக்கிறது. மனநோய்க்காக மூளை அறுவை செய்ய நோயாளி முழுவதும் அறிந்து தரும் சம்மதம் வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். குடும்பத்தார் கையெழுத்து போதாது. 1960களின் சென்னைக் கட்டுரைகளில் வரும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படித்தால், அது ஏன் அத்தனை கறாராக எழுதப்பட்டது என்பது விளங்கும்.

மண்டையோட்டைத் திறக்காமலே இந்த வட்டத்தைத் தொட முடியாதா? 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் என்பவர் ஒரு காந்தச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்து, எதிரே அமர்ந்திருந்தவரின் விரலை அசைய வைத்தார். அந்தச் சுருள் 2018இல் ஓசிடி நோயாளியின் தலைக்கு எப்படி வந்தது, சிகிச்சைக்கு முன்னால் நோயாளியை வேண்டுமென்றே ஏன் பதற்றப்படுத்துகிறார்கள் என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)